கண் அழுத்த ஆபரேஷனும் ஒரு கழித்தல் கணக்கும்

ஆய்க்குடியில் இருக்கும் அப்பாவுக்குக் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. "முன்ன தெரிஞ்ச மாதிரிதாம்லே தெரியுது. பெறகு எதுக்கு இன்னொரு கண்ணையும் கீறணும்?" என்று போனில் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் படித்ததை எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சாப்ட்வேர்காரன்.

கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக அது வடிகிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறும். வழக்கமான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். 1968-ல் கெய்ர்ன்ஸ் விவரித்த டிராபெக்யுலெக்டமி ஆபரேஷன், குளத்துக்கு மறுகால் வைக்கிற மாதிரி. கண்ணின் வெள்ளைப் பகுதியில் சின்னதாக வழி திறந்து, மேல்சவ்வுக்கு அடியில் நீரை வடிய விடுகிறார்கள்.

ரத்த ஓட்டம் எங்கே வருகிறது? கண்ணுக்குள் போகும் ரத்தம் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் போக வேண்டும். தோராயக் கணக்கு இது: சராசரி பிபியில் மூன்றில் இரண்டு பங்கு, அதிலிருந்து கண் அழுத்தத்தைக் கழிக்கணும். பிபி 120/80 என்றால் சராசரி 93, மூன்றில் இரண்டு பங்கு 62. கண் அழுத்தம் 27 என்றால் மிச்சம் 35. ஆபரேஷனில் அது 12 ஆனால் மிச்சம் 50. அழுத்தம் 27-லேயே இருந்து பிபி 90/60-க்கு இறங்கினால் மிச்சம் வெறும் 20. அதனால்தான் சிலருக்கு ராத்திரியில் பிபி ரொம்ப இறங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். அதற்காக பிபி மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது.

ஆனால் இந்த மிச்சம் ரத்தத்தைத் தள்ளும் விசைதான். ஓட்டத்தின் அளவு அல்ல. நுண்குழாய்கள் தாமாகவே சுருங்கி விரிந்து ஓட்டத்தைச் சரிக்கட்டும். ஆபரேஷனுக்குப் பின் ஓசிடி ஆஞ்சியோகிராபி எடுத்த ஆய்வுகள் சிலவற்றில் ரத்தக்குழாய் அடர்த்தி கூடியிருக்கிறது, சிலவற்றில் மாற்றமில்லை. கூடினாலும், செத்த நரம்பிழை திரும்ப முளைக்காது. மிஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பதுதான் ஆபரேஷனின் வேலை.

தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில், 40 வயதைத் தாண்டிய 5150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா. அதில் பரவலான திறந்தகோண வகை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போயிருந்தது. வலி இல்லாததால் பலருக்கு நோய் இருப்பதே தெரியவில்லை.

அப்பாவிடம் மறுகால் கதையைச் சொன்னேன். "அப்போ தண்ணி பெருக்க இல்ல, கரை ஒடையாம இருக்கத்தான்னு சொல்லு" என்றார். வலது கண்ணுக்கும் சம்மதித்துவிட்டார். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டிய நானும் அன்றைக்கே பரிசோதித்துக்கொள்ளப் போகிறேன்.