சிவா பேசிய துறைமுகம்

நம்ம பாப்பாரப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறதே, அந்தத் தியாகி சுப்பிரமணிய சிவா 1908-ல் மேடை மேடையாகப் பேசிய ஊர் தூத்துக்குடி.

அது முத்துக்குப் பேர்போன பழைய துறைமுகம். பரதவர்கள் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுப்பார்களாம். எவ்வளவு தைரியம்! அந்த முத்துக்கு ஆசைப்பட்டுப் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள், அப்புறம் ஆங்கிலேயர். கடல் நம்முடையது, வியாபாரம் அவங்க கையில்!

அதனால்தான் வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்கு டிக்கெட் விலையைக் குறைத்தது. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சிவாவும் கூடவே நின்றார்கள். ரெண்டு பேருக்கும் ஜெயில். சிவாவுக்கு அங்கேதான் தொழுநோய் வந்தது. 1925 ஜூலை 23-ல் நம்ம ஊரில் இறந்தார்.

இப்போ தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. உப்பளங்கள் நிறைய இருக்கு. துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சி. பெயரையே வைத்துவிட்டார்கள்.