கழித்துக் கழித்துச் செய்த கார்

இந்தக் காரில் கடிகாரம் இல்லை. பின் இருக்கை இல்லை. கை வைத்துக்கொள்ள இடமில்லை, கோட்டு மாட்டக் கொக்கி இல்லை, சாமான் வைக்கும் சின்ன அறைக்கு மூடி இல்லை. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு வார் தொங்குகிறது. அதைப் பிடித்து இழுக்க வேண்டும். முகப்பில் உலோகத்தில் பதிக்கவேண்டிய போர்ஷே சின்னம்கூட வெறும் ஸ்டிக்கர்தான். ஏனென்றால் உலோகச் சின்னத்துக்கும் எடை உண்டு.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து எடுக்கப்பட்ட போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இன்று ஏலத்துக்கு வந்தால், உலகின் பெரிய கார் சேகரிப்பாளர்கள் கையை உயர்த்துகிறார்கள். இதன் மிக எளிய வகை பத்து லட்சம் டாலரைத் தாண்டியும் விலைபோயிருக்கிறது. 1972-இல் ஜெர்மனியில் இதன் அடிப்படை விலை 34,000 மார்க்.

இந்தக் கார் பிறந்ததற்குக் காரணம் ஒரு பந்தய விதி. 1970, 71 ஆண்டுகளில் போர்ஷேயின் 917 பந்தய வண்டி லெ மான் 24 மணி நேரப் போட்டியில் அடுத்தடுத்து வென்றது. அந்த ஐந்து லிட்டர் இன்ஜின் வண்டிகளுக்கு 1972 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் இடமில்லை என்று விதி மாறியது. அதன்பின் ஐரோப்பியப் பந்தயங்களுக்கு நிறுவனம் நம்பியது, சாலையில் ஓடும் தன் 911-ஐத்தான். ஆனால் 'குரூப் 4' என்ற பிரிவில் ஒரு வண்டியை இறக்க வேண்டுமானால், அதே மாதிரியில் 500 கார்களைக் கட்டியிருக்க வேண்டும். கடையில் யாரும் வாங்கக்கூடிய வண்டிதான் பந்தயத்திலும் ஓடுகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இந்த ஒப்புதலுக்கு ஹோமோலகேஷன் என்று பெயர்.

திட்டத்தை முன்னின்று நடத்தியவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன். 1950-களில் போர்ஷேயின் முதல் 'கரேரா' இன்ஜினை வடிவமைத்தவர் அவர்தான். மெக்ஸிகோவில் நடந்த கரேரா பனமெரிக்கானா என்ற நெடுஞ்சாலைப் பந்தயத்தின் நினைவாக வந்தது அந்தப் பெயர். ஸ்பானிய மொழியில் கரேரா என்றாலே பந்தயம். அந்தப் பெயரை ஃபூர்மனின் காலத்தில் 911-க்குச் சூட்டினார்கள். ஆர்எஸ் என்பது 'ரென்ஷ்போர்ட்', அதாவது பந்தய விளையாட்டு என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம்.

பொறியாளர்கள் தீர்க்கவேண்டிய முதல் சிக்கல் 911-இன் அழகிலேயே இருந்தது. அதன் கூரை கண்ணாடியைத் தாண்டிப் பின் பம்பர் வரை வழுக்கிக்கொண்டு இறங்கும். அதிவேகத்தில் அந்த வளைவைத் தழுவியபடி காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. விமான இறக்கையைக் காற்று தூக்குவதுபோலக் காரின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறது. 911-க்கு இன்ஜின் இருப்பதும் பின் அச்சுக்குப் பின்னால். வேகமான வளைவில் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் இளகினாலும், பின்னால் இருக்கும் கனம் வண்டியைச் சுழற்றிவிடும்.

ஹெர்மன் பர்ஸ்ட், டில்மன் பிராட்பெக் முதலிய பொறியாளர்கள் காற்றுச் சுரங்கத்திலும் சோதனைத் தடத்திலும் இதற்கு விடை தேடினார்கள். கடைசியில் இன்ஜின் மூடியின் விளிம்பை மேல்நோக்கி வளைத்துவிட்டார்கள். பார்க்க நீரில் மிதக்கும் வாத்தின் வால் போலவே இருந்தது. ஜெர்மானியர்கள் அதைப் பறவையின் வால்மேட்டைக் குறிக்கும் 'பியூர்ட்ஸல்' என்ற சொல்லால் அழைத்தார்கள். உலகம் 'டக்டெயில்' என்றது. பின்பக்கத் தூக்கல் குறைந்தது, இன்ஜினுக்குக் கிடைக்கும் குளிர்காற்று கூடியது, உச்ச வேகமும் சற்று ஏறியது. 1972 ஆகஸ்ட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். முன்னும் பின்னும் ஸ்பாய்லர் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார் என்று போர்ஷே இதைப் பெருமையோடு சொல்கிறது.

அடுத்தது எடை. உடலின் பல பகுதிகளுக்கு வழக்கத்தைவிட மெல்லிய தகடு. ஜன்னல்களுக்கு மெல்லிய கண்ணாடி. முதல் பத்தியில் சொன்ன கழித்தல்கள் எல்லாம் சேர்ந்ததும், எளிய வகையின் எடை 960 கிலோவில் நின்றது.

இன்ஜினிலும் பந்தய அனுபவம் புகுந்தது. 2.4 லிட்டர் இன்ஜினின் சிலிண்டர் விட்டத்தை 84 மில்லிமீட்டரிலிருந்து 90-க்கு விரித்தார்கள். வெளியளவு மாறாமல் உள்ளே இவ்வளவு இடம் கிடைக்க, சிலிண்டர் சுவர் மெலிய வேண்டும்; மெலிந்தாலும் தேயக்கூடாது. அலுமினியச் சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த 'நிகாசில்' பூச்சு அதைச் சாத்தியமாக்கியது. 917 வண்டியில் பழகிய நுட்பம் அது. கொள்ளளவு 2,687 சிசி ஆனது. குதிரைத்திறன் 190-லிருந்து 210 ஆனது. அந்த விசையைத் தரையில் இறக்கப் பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட அகலமாக்கி, அவை அடங்கும்படி பின்புற உடலை 42 மில்லிமீட்டர் விரித்தார்கள். நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.8 வினாடியில் எட்டியது. உச்ச வேகம் மணிக்கு 245 கிலோமீட்டர். அன்று ஜெர்மனியில் சாலைக்கெனத் தயாரான கார்களில் இதைவிட வேகமானது வேறில்லை.

இவ்வளவு முரட்டுக் காரை 500 பேர் வாங்குவார்களா? விற்பனைத் துறைக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் கார் அறிமுகமானது. நவம்பர் முடிவதற்குள் 500-ம் விற்றுத் தீர்ந்துவிட்டன. 1973 ஜூலை வரை தொழிற்சாலை ஓயவில்லை. மொத்தம் 1,580 கார்கள்.

அந்த 1,580 ஒரே மாதிரியானவை அல்ல. சேகரிப்பாளரின் பார்வை கூர்மையாவது இங்கேதான். ஆர்டர் செய்தவர்கள் 700 மார்க் கூடுதலாகக் கொடுத்தால் மேலே சொன்ன எளிய வகையான 'ஸ்போர்ட்': எம் 471 என்பது அதன் குறியீடு. 2,500 மார்க் கொடுத்தால் வசதிகள் எல்லாம் திரும்பி வந்த 'டூரிங்' வகை, எம் 472. எடை 1,075 கிலோ. தினமும் ஓட்ட விரும்பியவர்கள் பெரும்பாலோர் டூரிங்கையே எடுத்தார்கள். 1,308 டூரிங், 200 ஸ்போர்ட், பந்தயத்துக்கான ஆர்எஸ்ஆர் 55, ஒப்புதலுக்காக எடை போட்ட நிலையிலேயே தங்கிய 17 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 1973-இல் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் போட்டியையும், சிசிலியின் மலைச்சாலைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோவையும் வென்றது ஆர்எஸ்ஆர். அந்த வெற்றிகளின் ஒளி சாலைக் கார்களின் மீதும் விழுந்தது.

இன்று ஓர் ஆர்எஸ் விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது பளபளப்பை அல்ல. முன்பக்கச் சாமான் அறையைத் திறந்து, பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் தகட்டில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பார்க்கிறார். பிறகு பின்னால் போய், விசிறிக்கு அருகே இன்ஜின் எண். பிறகு கியர்பாக்ஸ் எண். தொழிற்சாலைப் பதிவேட்டில் இந்த மூன்றும் ஒரே காருக்கு உரியவையாக இருக்கின்றனவா? எழுத்துகளின் வடிவமும் இடைவெளியும் அந்தக் காலத்து அச்சு போலவே இருக்கின்றனவா? சுற்றியுள்ள தகட்டை யாராவது வெட்டி ஒட்டியிருக்கிறார்களா? தாமஸ் க்ரூபர், கேயார்க் கொன்ராட்ஸ்ஹைம் இருவரும் இந்த ஒரு மாதிரியைப் பற்றி மட்டுமே எழுதிய தடித்த நூல், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே கையேடாக விளங்குகிறது.

இவ்வளவு சோதனைக்கும் காரணம் இருக்கிறது. அதே காலத்துச் சாதாரண 911-க்கு வாத்து வாலை மாட்டி, பக்கவாட்டில் 'கரேரா' என்று எழுதிவிட்டால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. ரசிகர்கள் ஆசைக்குச் செய்துகொண்ட அப்படிப்பட்ட பிரதிகள் ஏராளம். அவற்றில் ஒன்று அசலென்று கைமாறினால், வாங்கியவர் இழப்பது பெருஞ்சொத்து. அசலுக்கும் ஆபத்துகள் உண்டு. பல வண்டிகள் பந்தயத்திலும் ராலியிலும் அடிபட்டன; வெடித்த இன்ஜினுக்குப் பதில் வேறு இன்ஜின் ஏறியது. அன்று அவை வெறும் பழைய கார்கள்தான். துத்தநாகப் பூச்சு முழு உடலுக்கும் வராத காலம் அது. எடைக்காக மெலித்த தகட்டைத் துரு எளிதில் தின்றது. ஆகவே பெயின்டின் கனத்தைக் கருவியால் அளந்து, எந்தப் பகுதி தொழிற்சாலையிலிருந்து வந்தது, எது பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். சிராய்ப்போடு இருக்கும் பழைய பெயின்ட், புதிதாய் மின்னும் பெயின்டைவிட அதிக மதிப்புப் பெறுவது இதனால்தான். அந்தச் சிராய்ப்பு காரின் கதையைச் சொல்கிறது.

அமெரிக்காவின் தேவையும் விலையை ஏற்றியது. அந்நாட்டின் புகை விதிகளுக்கு ஏற்ப இந்தக் கார் தயாரிக்கப்படவில்லை. எனவே போர்ஷே அங்கே இதை விற்கவே இல்லை. இளவயதில் படங்களில் மட்டும் பார்த்து ஏங்கியவர்கள், 25 ஆண்டு கடந்த கார்களுக்குக் கிடைக்கும் இறக்குமதித் தளர்வு வந்ததும் ஐரோப்பாவில் தேடத் தொடங்கினார்கள்.

பார்வைக்குப் பந்தய வண்டியாகத் தெரியவேண்டும் என்பதற்காக டூரிங் கார்களிலிருந்து இருக்கையையும் விரிப்பையும் பிடுங்கி எறிந்த உரிமையாளர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள். அப்படி ஒரு காரை இன்று வாங்குபவர் தொழிற்சாலைப் பதிவை வரவழைக்கிறார். அதில் எம் 472 என்று இருக்கிறது. உடனே 1973-ஆம் ஆண்டின் பின் இருக்கைகளையும், கதவின் கைதாங்கியையும், டாஷ்போர்டில் ஓட்டையாகக் கிடக்கும் இடத்துக்கு ஒரு கடிகாரத்தையும் தேடிப் பழைய உதிரிபாகச் சந்தைகளில் அலையத் தொடங்குகிறார்.