பார்த்த கணக்கும் போட்ட கணக்கும்

சி.ஏ. இன்டர் தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் செப்டம்பருக்குப் படிக்கும் காலம். சுரண்டை, கடையநல்லூர், செங்கோட்டையிலிருந்து சிலர் மாலை நேரத்தில் தென்காசியிலுள்ள என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருவார்கள். கிளையன்ட் எல்லாம் கிளம்பிய பிறகு முன்னறை அவர்களுக்கு. வந்து உட்கார்ந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்.

"கணக்கைப் பார்த்தியா, போட்டியா?"

"பார்த்துட்டேன் மேடம். எல்லாம் புரியுது."

இந்தப் 'புரியுது'தான் எனக்குக் கவலை. தீர்வு பக்கத்திலேயே இருந்தால் எந்த வரியும் புரியத்தான் செய்யும். அடுத்து என்ன என்று திணற வேண்டிய இடத்தில் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். தேர்வில் மார்க் இருப்பதோ அந்தத் திணறும் இடத்தில். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு குழு. ஒரே முறை வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு குழு. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

பயிற்சிக் கேள்விக்குப் பஞ்சமில்லை. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. நிறுவனமே ஸ்டடி மெட்டீரியல், ஆர்.டி.பி. என்கிற ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாதிரித் தேர்வுத் தாள், முந்தைய தேர்வுகளின் 'சஜஸ்டட் ஆன்சர்' எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. வரிப் பாடத்துக்கு மட்டும் பழைய தாளை அப்படியே நம்பிவிடக் கூடாது. சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றைய சரியான விடை இன்றைக்குத் தப்பாகிவிடும். எழுதப்போகும் தேர்வுக்கென்று வந்த ஆர்.டி.பி.யை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். பிரானூரில் ஒரு மரமில் புதிதாக அறுவை மிஷின் வாங்குகிறது. விலை ₹10,00,000. ஜி.எஸ்.டி. ₹1,80,000, அதற்கு உள்ளீட்டு வரிக் கடன் உண்டு, அதாவது மில் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். லாரி வாடகை ₹25,000, மிஷினை நிறுவும் கூலி ₹40,000, சோதனை ஓட்டம் ₹15,000, ஆட்களுக்குப் பயிற்சி ₹20,000. ஏ.எஸ். 10 என்ற கணக்கியல் தரநிலையின்படி மிஷினின் அடக்கவிலை என்ன? நான்கு விடைகள்: 10,80,000, 11,00,000, 12,60,000, 12,80,000.

சுரண்டைப் பெண் ஒருத்தி 11,00,000 என்று குறித்தாள். ஏன் என்றேன்.

"ஆள் பழகினாத்தானே மேடம் மிஷின் ஓடும்?"

நல்ல வாதம்தான். ஆனால் பழகிய ஆள் நாளைக்கே வேறு மில்லுக்குப் போகலாம். பயிற்சிச் செலவு மிஷினோடு சேராது என்று ஏ.எஸ். 10 சொல்கிறது, அதை அந்த வருஷச் செலவில்தான் எழுத வேண்டும். சரியான விடை 10,80,000. அவள் 12,60,000 என்று குறித்திருந்தால் கோளாறு ஜி.எஸ்.டி.யில் இருக்கிறது என்று அர்த்தம். 12,80,000 என்றால் இரண்டிலும். தவறான விடைகளைக் கேள்வி தயாரிப்பவர் சும்மா போடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்திலிருந்து வருகிறது. எத்தனை சரி என்று எண்ணிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் இதைத் தொலைத்துவிடுகிறார்கள். தப்பாகப் போன கணக்குக்கென்று ஒரு தனி நோட்டு வைக்கச் சொல்கிறேன். அதில் தீர்வைக் காப்பியடிக்க வேண்டாம். எந்த நினைப்பில் தப்பு வந்தது என்று ஒரே வரி போதும். அவள் எழுதியது: "மிஷினுக்கான செலவா, ஆளுக்கான செலவா?" பாடம் தெரியாமல் போனதா, கேள்வியை அவசரமாக வாசித்ததா, கூட்டலில் விட்டதா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஒரு வாரம் விட்டு அதே கணக்கை மறுபடி கொடுத்தேன், ஒரே ஒரு மாற்றத்துடன்: மில் ஜி.எஸ்.டி.யின் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் உள்ளீட்டு வரிக் கடன் கிடையாது. எனவே கட்டிய ஜி.எஸ்.டி. அடக்கவிலையில் சேரும், இப்போது 12,60,000 சரியாகிவிடுகிறது. விடையை மனப்பாடம் செய்தவர்கள் 10,80,000 என்று எழுதினார்கள். சுரண்டைப் பெண் பேனாவை வைத்துவிட்டு, கேள்வியை இரண்டாம் முறை வாசித்தாள்.

ஏ.எஸ். 2 கணக்கு பத்து, அப்புறம் ஏ.எஸ். 10 பத்து என்று வரிசையாகப் போடுவது முதல் வாரத்துக்குச் சரி. பிறகு கலந்துதான் போட வேண்டும். பாடத்தின் பெயர் மேலே இருக்கும்போது எந்த விதி என்று தேடும் வேலையே இருக்காது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு வராது.

2024 மே முதல் இன்டர் தாள்களில் 30 மார்க் கொள்குறி வினா. மிச்சம் 70 எழுதுவது. எழுதும் பகுதிக்குப் பயிற்சியையும் எழுதித்தான் செய்தாக வேண்டும்: விதி என்ன, இந்தக் கேள்விக்கு அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. வாயால் சொல்லிப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு தாளிலும் 40, ஒரு குரூப்பை மட்டும் எழுதினால் அதன் மூன்று தாளும் சேர்ந்து 300-க்கு 150 வேண்டும். மூன்றிலும் 45 வாங்கினாலும் தேற முடியாது.

அதனால் ஆகஸ்ட் ஞாயிறுகளில் தேர்வு நேரத்திலேயே, மதியம் இரண்டு மணி முதல் ஐந்து வரை, முழுத்தாளையும் எழுத வைக்கிறேன். நூறு மார்க்குக்கு 180 நிமிஷம் என்றால் 14 மார்க் கேள்விக்கு 25 நிமிஷம். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டாலும் 25 நிமிஷம் ஆனதும் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்; போட்டவரைக்கும் ஸ்டெப் மார்க் உண்டு, தொடாத கேள்விக்கு ஒன்றுமில்லை. ஐந்து மணிக்குத் தாளை மாற்றிக்கொண்டு, சஜஸ்டட் ஆன்சரை அப்போதுதான் திறந்து, ஒருவர் தாளை இன்னொருவர் திருத்துகிறார்கள். செங்கோட்டைக்குக் கடைசி பஸ் எப்போது என்று பார்த்துத்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.