பங்கும் பகையும்

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே ஊரில் எவ்வாறு கூடி வாழ்வது என்னும் பிரச்சினை, மேற்கு ஐரோப்பாவில், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் துருக்கியிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் தொழிலாளர்கள் சென்று குடியேறிய பிறகே பெரிதாக எழுந்தது. ஆனால் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில், தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அதனோடு வாழ்ந்து பழகியிருக்கிறார்கள்.

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரில் முஸ்லிம் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அதற்குத் தெற்கே பொழியூரில் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள் வலை வீசுகின்றனர். உள்நாட்டில், பாறசாலையைச் சுற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் பாதிரிமார் ஊன்றிய சபைகள் தழைத்திருக்கின்றன. பகைவருக்கு மறைந்து திரிந்த இளவரசர் மார்த்தாண்டவர்மருக்குப் பூவார் முஸ்லிம் வணிகர் ஒருவர் அடைக்கலம் தந்தார் என்பது அவ்வூர் ஐதிகம். இரு சமூகத்தாரும் திருவிதாங்கூர் என்னும் ஓர் இந்து சமஸ்தானத்தின் பிரஜைகளாகவே இருந்தமையால், ஒருவர் மற்றவருக்கு அதிபதியாகும் நிலை இங்கு நேர்ந்ததில்லை.

ஆகவே, இவர்களுடைய உறவின் ஏற்றத்தாழ்வுகளை வேத சாஸ்திரங்களில் தேடுவதைவிட, உத்தியோகத்திலும் வாக்குரிமையிலும் கடற்கரையிலும் அவரவர்க்குக் கிடைத்த பங்கில் தேடுவதே பொருந்தும். பழைய திருவிதாங்கூரில் வருவாய் இலாகா கோவில் நிர்வாகத்தோடு பிணைந்திருந்த காரணத்தால், 1922ஆம் ஆண்டில் தேவஸ்வம் தனி இலாகாவாகப் பிரிக்கப்படும் வரையில், கிறிஸ்தவர், முஸ்லிம்கள், ஈழவர் ஆகிய மூவருக்கும் அதன் கதவு அடைபட்டே கிடந்தது. பின்னர் 1932இல் அறிவிக்கப்பட்ட அரசியல் சீர்திருத்தம், வாக்குரிமையை நிலவரியோடு இணைத்து நிலமுடையோர் கையையே வலுப்படுத்துவதாகத் தோன்றவே, அம்மூவரும் ஓரணியாகத் திரண்டு, சி. கேசவன், டி. எம். வர்கீஸ், பி. கே. குஞ்ஞு முதலியோர் வழிநடத்த, ஜனத்தொகைக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் வேண்டுமெனக் கோரித் தேர்தலிலிருந்து விலகி நின்றனர். நிவர்த்தனக் கிளர்ச்சி எனப் பெயர் பெற்ற அந்த இயக்கத்தின் பயனாக, அரசு நியமனங்களுக்கென 1935இல் ஓர் ஆணையர் வந்தார். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் விரிந்தது. சிலுவையும் பிறையும் ஒரே மேடையில் நிற்பதற்கு அன்று எந்தச் சமய சமரசப் பிரசங்கமும் தேவைப்படவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு குறையே போதுமானதாயிருந்தது.

அதே நியாயம் தலைகீழாகவும் வேலை செய்யும். படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடம் குறுகிய கரையில், பிடிக்கும் மீனும் குறைந்துகொண்டே வரும்போது, அயலான் போட்டியாளனாகிறான்; போட்டியாளன் வேற்றுச் சமயத்தவனாயிருந்துவிட்டால் சச்சரவு சமயத்தின் வேஷம் பூண்டுகொள்கிறது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த விழிஞத்தில் 1995இல் கிறிஸ்தவ, முஸ்லிம் மீனவர்களிடையே மூண்ட கலவரம் உயிர்களைப் பலிகொண்டது. அதற்கு வடக்கே, மும்மதத்தாரும் நேர்ச்சை செலுத்த வரும் தர்காவை உடைய பீமாபள்ளியில், உள்ளூர் ரவுடி ஒருவனின் அடாவடியில் தொடங்கிய தகராறு அண்டைக் கிராமங்களின் மோதலாக வளர்ந்து, 2009 மே 17 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு முஸ்லிம்கள் மாண்டதில் முடிந்தது.

மேல்நாட்டு விவகாரங்களையும் இந்த அனுபவத்தின் துணைகொண்டு நோக்கலாம். பிரான்ஸ் 2004இல் அரசுப் பள்ளிகளில் தலைமுக்காட்டைத் தடுத்ததும், சுவிட்சர்லாந்து 2009இல் ஜனவாக்கெடுப்பின் மூலம் புதிய மினாராக்களை விலக்கியதும் உடையையும் கட்டிடத்தையும் பற்றிய வாதங்களாகவே பேசப்படினும், பின்னாலே வந்து சேர்ந்தவனுக்குப் பொது வாழ்வில் எவ்வளவு இடம் தருவது என்பதே அவற்றின் உட்பொருள். மறுபுறத்தில், பிழைப்புக்காக வளைகுடா செல்லும் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் அங்கே தாமே சிறுபான்மையினராகிறார். பஹ்ரைனில் அந்நாட்டு அரசர் அளித்த நிலத்தில் 1939ஆம் ஆண்டளவில் எழுந்த திரு இருதய ஆலயத்தில் அவர் ஜெபிக்கலாம். ஆனால் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை அவருக்கு எளிதில் கிட்டுவதில்லை. வழிபடும் உரிமை ஒன்று, நாட்டில் பங்கு வேறொன்று என்பதை அவர் அனுபவத்தில் அறிவார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முஸ்லிம்களை மதிப்போடு நோக்குமாறு கத்தோலிக்கருக்கு உரைத்தது. 2019இல் போப் பிரான்சிஸும் அல்-அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அல்-தய்யிபும் அபுதாபியில் மானிட சகோதரத்துவப் பிரகடனத்தில் கையொப்பமிட்டனர். இவை மனத்தைப் பண்படுத்துவன. எனினும் வயிற்றுப் பாட்டின் கணக்கை இவை தீர்ப்பதில்லை. அதே விழிஞத்தில் 2025 மே 2 அன்று பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. அதன் வேலைகளும் வருமானமும், அதனால் கடலோரத்தில் நேரும் நஷ்டத்துக்கான ஈடும், மாதா கோவில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் நேர்மையாகப் பங்கிடப்படுமாயின், அவ்விரு தெருக்களின் சமாதானத்துக்குப் பிரசங்கிகள் அதிகம் பாடுபட வேண்டியிராது. பங்கீடு பிழைக்குமாயின், எத்தனை பிரசங்கிகள் வந்தாலும் போதாது.