தங்கத்துக்காக வறுக்கிற கல்

நாம வேர்க்கடலை வறுப்போம், மல்லி வறுப்போம். தங்கம் எடுக்கக் கல்லை வறுப்பார்கள், தெரியுமா?

இரும்பு பைரைட்டு என்று ஒரு கனிமம். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தங்கம் மாதிரியே மின்னி ஏமாத்தும். அதனால் 'முட்டாள்களின் தங்கம்' என்று பேர். ஆனால் சில சுரங்கங்களில் இதுக்குள்ளேயே நிஜத் தங்கம் ஒளிஞ்சிருக்கும், கண்ணுக்கே தெரியாத துகளாக!

முதலில் தாதுவை மாவாக அரைத்து, நுரை மிதப்பு முறையில் பைரைட்டைப் பிரிப்பார்கள். தங்கத்தைக் கரைக்க சயனைடு கரைசல் இருக்கிறது. (சயனைடும் விஷம்தான், அதைப் பற்றி இன்னொரு தடவை எழுதுகிறேன்.) ஆனால் கரைசல் பைரைட்டுக்குள் நுழையாதே! அதுக்குத்தான் வறுக்கிறது. காற்றைச் செலுத்தி நல்லா வறுத்தால் கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் போயிடும். மிச்சம் இருப்பது செங்கல் தூள் மாதிரி சிவப்பான இரும்பு ஆக்சைடு. அரிசி பொரியான மாதிரி உள்ளே பூரா ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் கரைசல் போய்த் தங்கத்தைக் கரைச்சுடும். பிறகு துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் படியும். இடப்பெயர்ச்சி வினைதான்!

சரி, அந்தப் புகை எங்கே போகும்? கந்தகப் புகை மட்டும் என்றால் பிடித்துக் கந்தக அமிலம் செய்யலாம். கனடா நாட்டின் வடக்கே எல்லோநைஃப் என்ற ஊர்ப் பக்கம் ஜெயன்ட் என்று ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. 1948-ல் தங்கம் எடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே பைரைட்டோடு ஆர்சனோபைரைட்டும் உண்டு, அதில் ஆர்சனிக் இருக்கிறது. வறுத்தால் அது வெள்ளைப் பாஷாணமாகிப் புகையோடு போகும். போய்ப் பனியில் விழுந்தது. அங்குள்ள டெனே பழங்குடி மக்கள் பனியை உருக்கித்தான் குடிப்பார்கள். 1951-ல் இரண்டு வயசுப் பையன் ஒருவன் செத்தே போனான். நஷ்டஈடு 750 டாலராம்! இதைப் படித்தபோது எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது.

அதே வருஷம்தான் புகையிலிருந்து தூளைப் பிடிக்கும் கருவி வைத்தார்கள். பிடித்த தூளைச் சுரங்கத்து அறைகளிலேயே கொட்டினார்கள். 1999 வரை வறுத்ததில் சேர்ந்தது 2,37,000 டன். கிடைத்த தங்கம் சுமார் 220 டன். நான் வகுத்துப் பார்த்தேன்: ஒரு பவுனுக்கு எட்டரைக் கிலோ விஷம்!

அந்தத் தூள் தண்ணீரில் கரையும். அதனால் அறைகளைச் சுற்றியுள்ள பாறையையே உறைய வைக்கிறார்கள். அந்தச் சுத்தம் செய்கிற வேலை 2021-ல்தான் முழுசாக ஆரம்பமானது.