ஈரக் காற்றில் ஹார்ட் டிஸ்க்: எந்த கேபினட் தாங்கும்?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளைக்குள் நுழைந்தால் கேரளம். அங்கிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை சாலையோரத்தில் ஸ்டூடியோக்களுக்குக் குறைவில்லை. கல்யாண வீடியோ, அம்மன் கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, வில்லுப்பாட்டு என இந்த எல்லைக் கிராமங்களின் வாழ்க்கை இப்போது கோப்புகளாகத்தான் சேர்கிறது. இரவிக்குட்டிப்பிள்ளை போரைப் பாடும் தெக்கன் பாட்டுகள், தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கும் கதைப்பாடல்கள். தென் திருவிதாங்கூருக்கே உரியவை. அவற்றைப் பாடத் தெரிந்த பெரியவர் ஒருவரின் குரலைப் பதிவு செய்தால், அந்தப் பதிவும் கடைசியில் மேசை இழுப்பறையில் கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில்தான் போய்ச் சேருகிறது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் பேச்சும் மட்டும் எல்லை பார்க்காமல் தொடர்கின்றன. இந்தப் பேச்சின் பதிவுகளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் இங்கேயே இருப்பவர்கள்தான்.

அதற்குக் கைக்கெட்டும் ஒரு வழி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சேமிப்பு சர்வர். பழைய மதர்போர்டு ஒன்று, நான்கைந்து ஹார்ட் டிஸ்க், ட்ரூநாஸ் அல்லது ஓப்பன் மீடியா வால்ட் போன்ற இலவச மென்பொருள், ரவுட்டருக்கு ஒரு லேன் கேபிள். இவ்வளவு இருந்தால் வீட்டில் உள்ள எல்லா போனும் கணினியும் ஒரே இடத்தில் கோப்புகளைப் போட்டு எடுக்கலாம். இதைக் கட்டுபவர்கள் எத்தனை டெராபைட், எந்த பிராசஸர் என்று நிறைய விசாரிக்கிறார்கள். கேபினட்டை மட்டும் கடைசியில், கடையில் இருப்பதில் மலிவானது என்று எடுத்து விடுகிறார்கள். பாறசாலைப் பகுதியின் காற்றில் கேபினட் கடைசிக் கேள்வியாக இருக்கக் கூடாது.

வெப்பத்தைவிட ஈரம்

டிஸ்க்குக்குச் சூடுதான் எமன் என்று பலரும் நம்புகிறோம். 2007-ல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். மிதமான சூட்டில் ஓடிய டிஸ்க்குகள் அதிகம் சாகவில்லை. மிகவும் குளிர்ச்சியாக ஓடியவற்றில்தான் பழுது கூடுதலாகத் தெரிந்தது. மூன்று, நான்கு வயதான டிஸ்க்குகள் 45 டிகிரியைத் தாண்டி ஓடும்போதுதான் சூடு தன் வேலையைக் காட்டியது.

2016-ல் மைக்ரோசாஃப்ட், ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒன்பது தரவு மையங்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகள். அவற்றுள் பல, வெளிக்காற்றையே உள்ளே இழுத்துக் குளிர்விப்பவை. அந்த வகையில் நம் வீடுகளைப் போன்றவை. டிஸ்க் பழுதாவதில் எல்லாவற்றையும்விட அதிகப் பங்கு காற்றின் ஈரப்பதத்துக்குத்தான் என்று கண்டார்கள். அந்தப் பழுதும் சுழலும் தட்டுகளில் அதிகம் வரவில்லை. தட்டை இயக்கும் சர்க்யூட் போர்டு, இணைப்பு முனைகள் ஆகியவற்றில் வந்தது. பெட்டியின் பின்பகுதியில், சூடான காற்று கடக்கும் இடத்தில் டிஸ்க்குகளை வைத்த சர்வர்களில் பழுது வெகுவாகக் குறைந்திருந்தது.

காரணம் எளிய இயற்பியல். காற்று சூடாகச் சூடாக அது தாங்கக்கூடிய நீராவி கூடுகிறது. மழைக்கால மாலையில் அறை 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று 40 டிகிரியில் ஓடும் டிஸ்க்கின் உடலைத் தொடும்போது அதன் ஈரப்பதம் 49 சதவீதமாக இறங்கிவிடும். ஒரு துளி நீரும் வெளியேறவில்லை; சூடு பத்து டிகிரி கூடியது, அவ்வளவுதான். ஆக, நமக்குத் தேவை டிஸ்க்கை 38 முதல் 43 டிகிரி வரை நிதானமாக வைத்திருக்கும் கேபினட். டிஸ்க்கைச் சில்லென்று ஆக்குவதற்காக ஆறு ஃபேன் வாங்கிப் பொருத்துவது வீண் செலவு.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்யும் பகுதி இது. மழை மாதங்களில் காலை நேர ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்குவது சாதாரணம். பாலராமபுரத்துக் குழித்தறிக்கு இந்த ஈரம் வரம். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலிய நெசவாளர்கள் அங்கே தறி போட்டார்கள். மண்ணில் இறங்கிய குழியின் ஈரப்பதத்தில் பாவு நூல் எளிதில் அறுவதில்லை. நூலுக்கு நல்லது செய்யும் அதே ஈரம் சர்க்யூட் போர்டின் செம்பை மெல்ல அரிக்கிறது.

பொழியூர், பூவாறு பக்கம் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். போர்டின் மேல் உப்புத் தூசி படிந்திருந்தால், மழைக்கால இரவில் அது மின்சாரம் கடத்தும் ஈரப்படலமாக மாறும். சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் டிஸ்க்கின் சூடே இதைத் தடுத்துவிடும். தினமும் இரவில் அணைத்தால் போர்டு குளிர்ந்து அறையின் ஈரத்துக்குத் திரும்பும். நான்கு டிஸ்க் உள்ள சிறிய சர்வர் 50 வாட் எடுத்தால் நாளொன்றுக்கு 1.2 யூனிட் ஆகும். மழை மாதங்களிலாவது அதை ஓடவிடுவது நல்லது.

காற்று எந்த வழியில் போகிறது?

கேபினட் என்பது காற்று நுழையும் வழி, கடக்கும் வழி, வெளியேறும் வழி. இந்தக் கண்ணோட்டத்தோடு கடைக்குப் போனால் தேர்வு சுலபம். இன்று கடைகளில் பளபளக்கும் கேமிங் கேபினட்டுகள் பலவற்றின் முகப்பு கண்ணாடி. காற்று பக்கவாட்டில் உள்ள குறுகிய பிளவு வழியாகத்தான் நுழைய முடியும். பெரிய டிஸ்க்குக்கு இடமும் பெரும்பாலும் இரண்டுதான். அவை சேமிப்பு சர்வருக்கு உதவாது.

பழைய டவர் கேபினட் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். டிவிடி டிரைவ் காலத்துப் பெட்டிகளில் முன்பக்கம் நான்கு முதல் ஆறு டிஸ்க்குக்கான தட்டுகளும், அவற்றுக்கு எதிரே 120 மி.மீ. ஃபேனுக்கான இடமும் பெரும்பாலும் இருக்கும். மேலே மூன்று டிவிடி அறைகள் சேர்ந்திருந்தால், அவற்றுக்குள் நான்கு அல்லது ஐந்து டிஸ்க் பிடிக்கும் கூண்டு ஒன்றைச் செருகலாம். சிறிதாக வேண்டும் என்பவர்கள் 170 மி.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கான பெட்டிகளைப் பார்க்கலாம். ஃபிராக்டல் நிறுவனத்தின் நோட் 304-ல் ஆறு டிஸ்க் பிடிக்கும். ஜான்ஸ்போ என்3-ல் எட்டு. பெட்டி சிறிதானால் டிஸ்க்குகள் நெருங்கும், காற்றின் வழி குறுகும், ஃபேன் வேகமாகச் சுழல வேண்டிவரும். இடம் இருக்கும் வீட்டில் பெரிய பெட்டியே மேல்.

முகப்பைத் திறந்து, டிஸ்க் தட்டுகளுக்கு நேர் எதிரே ஃபேன் இருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கின் உயரம் 26.1 மி.மீ.; இரண்டு டிஸ்க்குக்கு நடுவே சுண்டுவிரல் நுழைந்தால் காற்றும் நுழையும். வெளியே இழுத்துச் செருகும் வசதியுள்ள பெட்டிகளில் டிஸ்க்குகளின் பின்னால் ஒரு சர்க்யூட் பலகை நிற்கும். அதில் நல்ல அகலமான துளைகள் இல்லாவிட்டால் காற்று அங்கேயே முட்டி நின்றுவிடும்.

கடையில் பார்த்து முடிவு செய்ய முடியாததை வீட்டில் ஊதுபத்தி சொல்லிவிடும். சர்வரை ஓடவிட்டு, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தியை ஒரு நிமிடம் மட்டும் முகப்பின் அருகே பிடியுங்கள். புகை நேராக வலைக்குள் இழுக்கப்பட்டுப் பின்பக்கம் வெளியேறினால் சரி. ஓரத்துப் பிளவுகளில் புகை உள்ளே போனால், அந்த வழியாகத் தூசியும் வடிகட்டப்படாமல் போகிறது என்று பொருள். உள்ளே தள்ளும் ஃபேன்களின் பலம் வெளியே இழுக்கும் ஃபேனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது காற்று வடிகட்டி வழியாக மட்டுமே நுழையும், மற்ற பிளவுகளில் எல்லாம் வெளியேதான் வரும். எறும்புக்கும் பல்லிக்கும் உள்ளே வேலை இல்லாமல் போக, பயன்படுத்தாத துளைகளை மெல்லிய வலையால் மூடிவிடலாம். குளவி மண் வைத்து அடைக்கும் ஊர் இது. ஃபேன் ஓடாத துளையை அது விட்டு வைக்காது.

ஈரத்துக்குப் பயந்து பெட்டியை முழுக்க அடைப்பது தவறு. சாதாரண டிஸ்க்கே சுவாசிக்கும் பொருள். அதன் மூடியில் ஊசித்துளை போன்ற ஒரு துவாரமும், இந்தத் துளையை மூடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கும். உள்ளே ஒரு வடிகட்டி, அதற்கும் உள்ளே தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் படிக்கும் முனை. முனையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றின் மெல்லிய படலம்தான். 2013-ல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் கொண்டுவந்த 6 டெராபைட் ஹீலியம் டிஸ்க்கில் இந்தத் துளை கிடையாது, முழுக்க முத்திரையிட்டது. ஆனால் அதன் சர்க்யூட் போர்டு வெளியில்தான் இருக்கிறது. ஈரத்தின் தாக்குதல் அங்கே நடக்கிறது. கேபினட்டுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதிலும் பயனில்லை. ஃபேன் நிமிடத்துக்கு நிமிடம் புது ஈரத்தைக் கொண்டுவரும். ஓடாமல் இருக்கும் உபரி டிஸ்க்கை மூடிய டப்பாவில் வைக்கும்போது அந்தப் பொட்டலம் உதவும்.

அதிர்வும் எர்த்தும்

நிமிடத்துக்கு 7,200 சுற்று டிஸ்க் வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. நான்கு டிஸ்க் ஒரே தகரத்தில் இறுக்கப்பட்டால் ஒன்றின் நடுக்கம் மற்றொன்றின் முனையை வழி தவறச் செய்யும். 2008-ல் சன் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக், டிஸ்க் வரிசையைப் பார்த்து உரக்கக் கத்தியபோது அவற்றின் வேகம் சரிந்ததைத் திரையில் காட்டினார். 2016-ல் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகைக்காகத் திறந்த வாயுவின் பேரொலியே டிஸ்க்குகளைப் பழுதாக்கியது. கேபினட்டில் டிஸ்க் உட்காரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கவாட்டுத் தகட்டை விரலால் தட்டினால் டப்பா சத்தம் வந்தால் தகடு மெலிது.

ஸ்டீல் கனமும் உறுதியும் தரும். ஆனால் வெட்டு விளிம்பில் பெயின்ட் இல்லாவிட்டால் கடலோரத்தில் சீக்கிரம் துருவேறும். அலுமினியத்துக்குத் துருப்பயம் இல்லை, விலை கூடுதல். கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் பாறசாலை வீட்டுக்கு பவுடர் கோட்டிங் செய்த ஸ்டீலே போதும்.

எந்த உலோகமானாலும் எர்த் இல்லாமல் பயனில்லை. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டிய எஸ்.எம்.பி.எஸ்., கேபினட்டின் உடலை மின்னழுத்தத்தில் பாதிக்கு, அதாவது சுமார் 115 வோல்ட்டுக்கு, மிதக்க விடும். தொட்டால் சுரீர் என்பது இதனால்தான். துலாவர்ஷ மாலைகளில் இடி இறங்கும் பகுதியில் இது ஆபத்தும்கூட. மூன்று முள் பிளக், சரிபார்த்த எர்த், யூ.பி.எஸ். மூன்றும் சேர்ந்ததுதான் கேபினட்டின் விலை என்று கணக்கிட வேண்டும். இடி வலுக்கும்போது மின் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னல் தாக்கம் அந்தக் கம்பி வழியாகவும் வரும். எளிதாகக் கழற்றும் இடத்தில் அந்த முனை இருக்கட்டும்.

வைக்கும் இடமும் கேபினட் தேர்வின் பகுதியே. ஓதம் ஏறும் சுவரை ஒட்டியோ, கான்கிரீட் கூரைக்கு அடியில் பரணிலோ, மூடிய மர அலமாரியிலோ வைக்கக் கூடாது. சமையலறையின் எண்ணெய்ப் புகை தூசியைப் பசையாக்கிவிடும். ஏசி அறையில் குளிர்ந்து கிடக்கும் அணைத்த டிஸ்க்கின் மேல், கதவைத் திறந்ததும் நுழையும் வெளிக்காற்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் வியர்ப்பதுபோல் நீராகப் படியும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, முன்னறையில் வைப்பது உத்தமம்.

படி எடுத்தால்தான் பிழைக்கும்

1909-ல் சமஸ்கிருத அறிஞர் டி. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டைக் கண்டெடுத்தார். மலையாள எழுத்தில் இருந்த அந்த ஏடுகளில், பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசன் இயற்றியவை என்று அவர் அடையாளம் கண்ட நாடகங்கள் இருந்தன. 1912 முதல் அவை திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறின. இந்த மண்ணின் ஈரத்திலும் பூச்சியிலும் எந்த ஓலையும் ஆயிரம் ஆண்டு தாங்காது. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ படி எடுத்து வந்ததால்தான் அந்த நூல்கள் நம் காலம் வரை வந்தன.

டிஸ்க்கில் சேரும் பதிவுக்கும் இதே கதைதான். நல்ல கேபினட் டிஸ்க்கின் ஆயுளை நீட்டும். திருட்டு, தீ, இடி, கைதவறி அழிப்பது ஆகியவற்றுக்கு அதனிடம் பதில் இல்லை. நான்கு டிஸ்க்கில் ஒன்று செத்தாலும் தாங்கும் ரெய்டு அமைப்புக்கும் இதே வரம்புதான். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதியை ஒவ்வொரு ஸ்டூடியோவும் பின்பற்றலாம்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். பாறசாலைக்காரருக்கு மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ ஒரு சொந்தக்காரர் வீடு இல்லாமல் இருக்காது. அங்கே ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைத்து, மாதம் ஒருமுறை மாற்றி எடுத்துவந்தால் போதும்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வைக்கும் இடமும் எர்த்தும், பிறகு எத்தனை டிஸ்க் என்ற கணக்கு, பிறகு கேபினட், அதற்குப் பொருந்தும் போர்டு கடைசி. இரண்டு கேபினட்டுகள் எல்லா வகையிலும் சமமாகத் தோன்றினால், ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் பக்கமூடி கழன்று, வடிகட்டி கையோடு வந்துவிடும் பெட்டியை எடுங்கள். இந்தக் காற்றில் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டவும், இடவப்பாதிக்கு முன்பும் துலாவர்ஷத்துக்கு முன்பும் உள்ளே தூரிகையால் துடைக்கவும் வேண்டும். திறக்கச் சுலபமான பெட்டியைத்தான் வீட்டில் யாரும் திறந்து துடைப்பார்கள்.