நூல்நிலையக் கோடைத் திட்டமும் எளியோர் பிள்ளைகளும்

பள்ளி மூடியிருக்கும் கோடைத் திங்கள்களில் சிறுவரை நூலொடு பிணித்து வைக்கும் முயற்சியை அமெரிக்கப் பொது நூல்நிலையங்கள் 1890-ஆம் ஆண்டுகள் தொட்டு மேற்கொண்டு வருகின்றன. படித்து முடித்த நூல்களைக் கணக்கிட்டுச் சான்றிதழும் சிறு பரிசும் வழங்குதல் அதன் பழைய முறை. கட்டணம் இல்லை, கதவு எல்லார்க்கும் திறந்திருந்தது. ஆயினும் அதனாற் பெரும்பயன் எய்தியோர் யாவர் என்னும் வினா நெடுங்காலம் எழவில்லை.

அவ்வினாவிற்கு விடை காண்பார் முதற்கண் நோக்கத்தக்கது, பார்பரா ஹேன்ஸ் என்னும் அம்மையார் 1978-இல் வெளியிட்ட நூல். அட்லாண்டா நகரில் ஆறாம் ஏழாம் வகுப்புகளிற் பயின்ற ஏறத்தாழ 3,000 மாணவரை அவர் ஆராய்ந்தார். செல்வர் பிள்ளைகட்கும் வறியோர் பிள்ளைகட்கும் இடையே உள்ள கல்வி வேறுபாடு பள்ளி நடக்கும் காலத்தைக் காட்டிலும் கோடையில் மிகுதியாக வளர்கின்றது என்று கண்டார். கோடைக்கல்விக்குப் பிற பொது நிறுவனங்களினும் நூல்நிலையமே பெருந்துணை என்பதும், வீட்டிற்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவு அத்துணையைக் குறைக்கின்றது என்பதும் அவர்தம் முடிபுகள். கோடை வேறுபாட்டின் அளவு பற்றிப் பால் வான் ஹிப்பெல் என்பார் 2019-இல் ஐயம் எழுப்பியுள்ளார். அவ்வையம் தக்கதே, எனினும் தொலைவு பற்றிய முடிபு அதனால் தளர்வதில்லை.

தொலைவைக் கடக்கும் வழி தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. அரங்கநாதனார் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட அதே 1931-இல், மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்கட்குக் கொண்டுசென்றார் கனகசபைப் பிள்ளை.

நூல்கள் அருகில் வந்துவிட்டால் அமையுமோ எனின், அமையாது என்பதற்குப் பிலடெல்பியா சான்றாகும். அந்நகரின் கிளை நூல்நிலையங்களைப் புதுக்குதற்கு வில்லியம் பென் அறநிலையம் 20 மில்லியன் டாலர் வழங்கிற்று. செல்வர் வாழும் பகுதிக்கும் வறியோர் வாழும் பகுதிக்கும் நூல்களும் கணிப்பொறிகளும் ஒப்பக் கிடைத்தன. சூசன் நியூமன், டோனா செலானோ ஆகிய இருவர் அக்கிளைகளிற் பன்னாள் அமர்ந்து சிறுவரை உற்றுநோக்கி, 2006-இல் தம் முடிபை வெளியிட்டனர். வேறுபாடு சுருங்கவில்லை, முன்னினும் விரிந்தது. செல்வர் பகுதியிற் பெற்றோர் உடனமர்ந்து நூலைத் தேர்ந்தளித்தனர்; படித்துக் காட்டினர். வறியோர் பகுதியிற் பிள்ளைகள் தனித்தோ, தம்மினும் சற்றே மூத்த உடன்பிறந்தாருடனோ வந்தனர். ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாகப் பொழுது கழிந்தது. இது பெற்றோர்தம் குற்றம் என்று கூறிவிடுதல் எளிது. வேலை நேரத்தில் அவர் எங்ஙனம் வருதல் கூடும்? எனவே, கோடைத் திட்டத்தின் பொருளில் ஒரு பெரும்பகுதி, வறிய பகுதிக் கிளைகளிற் பிள்ளைகளுடன் அமர்ந்து படிக்கும் பணியாளர்க்கே செல்லுதல் வேண்டும். கிளைதோறும் ஒப்பப் பங்கிடுதல் இங்கு நடுநிலை ஆகாது. நூல்களை எண்ணிப் பரிசளிக்கும் முறையும், முன்னரே விரைந்து படிக்க வல்லார்க்கு மாலை சூட்டுவதாகவே முடிகின்றது.

மற்றொரு தடை தண்டத்தொகை. சிகாகோ நகரின் தென்பகுதியில் உறுப்பினருள் மூவரில் ஒருவரும், வடபகுதியில் அறுவரில் ஒருவரும் நிலுவையால் நூல் பெற இயலாதிருந்தனர். 2019-இல் அந்நகர் காலந்தாழ்ந்த நூலுக்குரிய தண்டத்தை நீக்கிற்று. நெடுநாள் வாராதிருந்த நூல்கள் மிகுதியாகத் திரும்பி வந்தன. தண்டம் இன்றேல் நூல் மீளாது என்று அஞ்சியோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, உணவு. பள்ளி மூடின் பள்ளி நண்பகலுணவும் நின்றுவிடும். கலிபோர்னியா நூல்நிலையங்கள் சில 2013 முதல் கோடையில் நண்பகலுணவு வழங்கலாயின. நூலுக்கென ஒருபோதும் வாராத குடும்பங்களும் உணவின் பொருட்டு வந்தன. உண்டபின் அம்மேசையருகே கதைவாசிப்பும் கைவினையும் நிகழ, பிள்ளைகளுடன் வந்த தாயரும் அங்கேயே அமர்ந்திருந்தனர்.